ஆஃபர் லெட்டரில் இல்லாத ஆசைகள்

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பிள்ளைகளிடம் எப்படிப்பட்ட வேலை வேண்டும் என்று கேட்டால், பதில் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். சம்பளம் கௌரவமாக இருக்க வேண்டும், சொந்த வாழ்க்கைக்கு நேரம் மிஞ்ச வேண்டும், ஏதாவது கற்றுக்கொள்ள வேண்டும், மேலே இருப்பவர் மனிதராக நடத்த வேண்டும். அப்பா அம்மாவைக் கேட்டால் "நிரந்தர வேலை" என்று முடித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குப் பேராசை என்று இவர்களும், இவர்களுக்கு இன்றைய நிலவரம் புரியவில்லை என்று பிள்ளைகளும் சாப்பாட்டு மேசையில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

என் பார்வையில் இது பேராசை இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த ஆசைகள் நேர்காணலில் வாய்வார்த்தையாகக் கேட்கப்படுகின்றன, வாய்வார்த்தையாகவே ஒப்புக்கொள்ளப்படுகின்றன. "எங்க கம்பெனி ஒரு குடும்பம் மாதிரி" என்று எச்ஆர் எனப்படும் மனிதவள அதிகாரி சொல்வார். பிறகு வரும் ஆஃபர் லெட்டரில் குடும்பத்தைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. பேசிக் எனப்படும் அடிப்படைச் சம்பளம், அலவன்ஸ், வேலை நேரம், புரோபேஷன், நோட்டீஸ், லீவு, இவைதான் இருக்கும். ஆசை ஒவ்வொன்றையும் இந்த வரிகளில் ஒன்றோடு முடிச்சுப் போடத் தெரிந்தால்தான் அது வேலையில் சேர்ந்த பிறகும் உயிரோடு இருக்கும்.

சம்பளத்திலிருந்து தொடங்குவோம். மாதம் 3,000 வெள்ளி (ரிங்கிட்) என்றால் கைக்கு 3,000 வராது. ஊழியர் சேமநிதியான ஈபிஎஃப் 11 விழுக்காடு, 330 வெள்ளி. சமூகப் பாதுகாப்புச் சந்தாவான சொக்சோ 14.75. வேலைக் காப்புறுதியான இஐஎஸ் 5.90. மீதி 2,649.35. தனியாளாக இருந்தால் இந்தச் சம்பளத்துக்கு மாத வரிப் பிடித்தமான பிசிபி பொதுவாக வராது. முதலாளி தன் பங்குக்கு ஈபிஎஃப்பில் 13 விழுக்காடு போட வேண்டும். சம்பளம் 5,000 வெள்ளியைத் தாண்டினால் அது 12 விழுக்காடாகும். கணக்கு இதுவரை எல்லாருக்கும் தெரிந்ததுதான். பலர் பார்க்காமல் விடுவது, மொத்தத் தொகை எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதை.

இரண்டு கம்பெனிகள் ஒரே 2,600 வெள்ளி தருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் பேசிக்கே 2,600. இரண்டாவதில் பேசிக் 1,800, பயண அலவன்ஸ் 800. முதல் மாதம் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இரண்டாவதில் ஈபிஎஃப் பிடித்தம் குறைவு என்பதால் கையில் கூடுதலாகவே வரும், பிள்ளைகள் மகிழ்ந்துபோவார்கள். ஆனால் பயண அலவன்ஸுக்கு ஈபிஎஃப் கிடையாது. முதலாளியின் பங்கு முதல் கம்பெனியில் மாதம் 338, இரண்டாவதில் 234. ஆண்டுக்கு 1,248 வெள்ளி சத்தமில்லாமல் போய்விட்டது. ஓடி எனப்படும் ஓவர்டைமுக்கும் அதே கதை. மாதச் சம்பளத்தை 26ஆல் வகுத்தால் ஒரு நாள் ஊதியம், அதை 8ஆல் வகுத்தால் ஒரு மணி நேர ஊதியம், சாதாரண நாளில் அதன் ஒன்றரை மடங்கு ஓடி. 2,600க்கு அது மணிக்கு 18.75 வெள்ளி. 1,800க்கு 12.98. போனஸ் "ஒரு மாதச் சம்பளம்" என்றாலும், இன்கிரிமென்ட் "5 விழுக்காடு" என்றாலும் பெரும்பாலும் பேசிக்கை வைத்தே கணக்குப் போடுவார்கள். 2,600இல் 5 விழுக்காடு 130, 1,800இல் 90.

சட்டப்படி எல்லா அலவன்ஸும் இப்படி ஒதுக்கப்படக் கூடாது. ஒப்பந்தப்படி செய்த வேலைக்காக ரொக்கமாகத் தரப்படும் நிலையான அலவன்ஸ்கள் ஊதியத்தில் சேரும். விலக்குப் பெறும் முக்கியமானவற்றில் பயண அலவன்ஸ் ஒன்று. அதனால்தான் அலவன்ஸுக்குப் பெயர் வைக்கும்போது பல கம்பெனிகளுக்கு அந்தப் பெயர்மேல் அத்தனை பிரியம். ஆகவே ஆஃபர் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "மொத்தம் எவ்வளவு?" அல்ல. "பேசிக் எவ்வளவு, எந்தெந்த அலவன்ஸுக்கு ஈபிஎஃப் கட்டுவீர்கள்?" என்பதுதான். கேட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற பயம் வேண்டாம். எச்ஆரில் இருப்பவருக்கு இது அன்றாடக் கேள்வி. பதில் சொல்லத் தடுமாறினால் அதுவே ஒரு பதில்.

அடித்தளம் ஒன்றும் தெரிந்திருக்கட்டும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகளுக்கு 2025 பிப்ரவரி 1 முதலும், மற்றவர்களுக்கு அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதலும் இது நடப்பில் இருக்கிறது. இது பேசிக்குக்கான எல்லை. அலவன்ஸைக் கூட்டி 1,700 காட்டுவது செல்லாது.

அடுத்தது நேரம். இளையவர்கள் சம்பளத்துக்கு அடுத்தபடியாக, சிலர் அதற்கும் மேலாக, கேட்பது இதைத்தான். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு 2023 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி வாரத்துக்கு அதிகபட்சம் 45 மணி நேரம், முன்பு 48. ஒரு நாளைக்கு 8 மணி நேரம். தொடர்ந்து ஐந்து மணி நேரம் வேலை பார்த்தால் குறைந்தது அரை மணி நேர ஓய்வு. ஓடி மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. காலை 9 முதல் மாலை 6 வரை, நடுவில் ஒரு மணி நேரச் சாப்பாட்டு நேரம், ஐந்து நாள் என்றால் அது 40 மணி நேரம்தான். "சனிக்கிழமை அரை நாள்" என்று சேர்த்து 45க்குள் நிறுத்துவது சட்டத்துக்கு உட்பட்டது. அதையும் தாண்டி "வேலை முடியும்வரை" என்று எழுதியிருந்தால் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வையுங்கள்.

இந்தச் சட்டம் இப்போது சம்பள வரம்பு இல்லாமல் எல்லாத் தொழிலாளருக்கும் பொருந்தும். ஆனால் மாதம் 4,000 வெள்ளிக்கு மேல் வாங்குபவர்களுக்கு ஓடி, ஓய்வு நாள் வேலைக்கான கூடுதல் ஊதியம், பொது விடுமுறை நாள் வேலைக்கான கூடுதல் ஊதியம் போன்ற சில பகுதிகள் மட்டும் பொருந்தாது. இந்த ஒரு வரியால் பினாங்கின் தொழிற்சாலைப் பகுதியான பாயான் லெப்பாஸில் பதவி உயர்வு வாங்கிச் சம்பளம் குறைந்தவர்கள் உண்டு. 3,800 வெள்ளி வாங்கும் ஒருவருக்கு ஓடி மணிக்கு 27.40 வெள்ளி. மாதம் 40 மணி நேரம் ஓடி செய்தால் 1,096. கூட்டினால் 4,896. அவரை இன்ஜினியராக்கி 4,200 கொடுக்கிறார்கள், வாழ்த்துச் சொல்கிறார்கள், பெயர் அட்டையும் மாறுகிறது. வேலை நேரம் குறையவில்லை, ஓடி மட்டும் நின்றுவிட்டது. மாதம் 696 வெள்ளி நட்டம். பதவி உயர்வை மறுக்கச் சொல்லவில்லை. அந்த 4,000 எல்லையைக் கடக்கும்போது எவ்வளவு தாண்டிக் கடக்கிறோம் என்று பார்க்கச் சொல்கிறேன். உடலுழைப்பு வேலை செய்பவர்களுக்கும் அவர்களை மேற்பார்வையிடுபவர்களுக்கும் இந்த 4,000 கணக்கு கிடையாது, எவ்வளவு வாங்கினாலும் ஓடி உண்டு. சில தொழிற்சாலைகள் இதை மறந்துபோவது வழக்கம்.

பினாங்கைப் பற்றிப் பேசும்போது ஷிஃப்டைத் தொடாமல் போக முடியாது. 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக மண்டலம் தொடங்கி, இன்டெல் போன்ற கம்பெனிகள் வந்த காலத்திலிருந்து தீவின் தெற்குப் பகுதியின் பொழுது விடிவதும் சாய்வதும் தொழிற்சாலை பஸ் நேரப்படிதான். இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கம் பத்து காவான் பகுதியும் அப்படியே. ஷிஃப்ட் வேலைக்குச் சட்டம் தனிக்கணக்கு வைத்திருக்கிறது: ஒரு நாளில் 8 மணி நேரத்தைத் தாண்டலாம், 12ஐத் தாண்டக் கூடாது, மூன்று வாரச் சராசரி வாரத்துக்கு 45 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். 12 மணி நேர ஷிஃப்ட் என்று கேட்டதும் பயப்படவும் வேண்டாம், சம்மதிக்கவும் வேண்டாம். எத்தனை நாள் வேலை, எத்தனை நாள் ஓய்வு என்று கேளுங்கள். இரண்டு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, மூன்று நாள் வேலை என்று மாறி மாறி வந்தால் இரண்டு வாரத்துக்கு ஏழு ஷிஃப்ட். வாரச் சராசரி 42 மணி நேரம். மாதத்தில் பாதி நாள் வீட்டில். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு என்றால் வாரச் சராசரி 56 மணி நேரம். இரண்டையும் விளம்பரத்தில் "12 மணி நேர ஷிஃப்ட்" என்றே போடுவார்கள். இரண்டாவதில் 45க்கு மேற்பட்டது ஓடியாகக் கணக்கிடப்படுகிறதா, அது முன்கூட்டியே சம்பளத்தில் கலக்கப்பட்டிருக்கிறதா என்பது அடுத்த கேள்வி.

ஷிஃப்ட் வேலையில் கெட்டுப்போவது பெரும்பாலும் உடம்பு என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே கெட்டுப்போவது வரவு செலவு. பேசிக் குறைவாகவும் ஓடி அதிகமாகவும் இருக்கும் வேலையில் கைக்கு வரும் பணத்தைப் பார்த்து, ஒன்பது ஆண்டுத் தவணையில் கார் எடுத்துவிடுகிறார்கள். செமிகண்டக்டர் தொழிலில் ஆர்டர் ஏறுவதும் இறங்குவதும் இயல்பு. ஆர்டர் இறங்கியதும் ஆள்குறைப்புக்கு முன்பு கம்பெனி செய்யும் முதல் காரியம் ஓடியை நிறுத்துவது. அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டியதில்லை, ஏனென்றால் ஓடி தருவதாக எங்கும் எழுதப்படவில்லை. தவணை மட்டும் குறையாது. ஆகவே தவணை எதையும் பேசிக்கை வைத்து மட்டுமே முடிவு செய்ய வேண்டும். இதை வீட்டில் பெரியவர்கள் சொன்னால் கேட்கலாம், இந்த விஷயத்தில் அவர்கள் சொல்வது சரி.

கோலாலம்பூரில் நேரத்தைத் தின்பது ஷிஃப்டைவிடப் பயணம். சட்டம் சொல்லும் 45 மணி நேரத்தில் பயணம் அடங்காது. கிள்ளானிலோ ரவாங்கிலோ செமினியிலோ இருந்துகொண்டு நகருக்குள் வரும் வேலைக்கும், வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் வேலைக்கும் தினமும் போக வர இரண்டு மணி நேரம் வித்தியாசம் என்றால், மாதம் 22 நாளில் அது 44 மணி நேரம். ஏறக்குறைய ஒரு வார வேலை நேரம், சம்பளமில்லாமல். ரேபிட் கேஎல்லின் மை50 பாஸ் 30 நாளுக்கு 50 வெள்ளி. எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், ரேபிட் பஸ் எல்லாம் அதில் போகலாம். புறநகர் ரயிலான கேடிஎம் கொமுட்டர் அதில் சேராது. கொமுட்டரில் வந்து கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டி மாறுபவர்கள் இரண்டுக்கும் தனித்தனியாகச் செலவழிக்க வேண்டும். ஆஃபரில் கையெழுத்திடும் முன்பு ஒரு வேலை நாளில், காலை ஏழரைக்கு வீட்டு வாசலிலிருந்து அந்த ஆபீஸ் வாசல்வரை ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பது வீண். அதே நாள் மாலை ஏழரைக்கு அந்தக் கட்டடத்துக்குக் கீழே நின்று, எத்தனை மாடியில் விளக்கு எரிகிறது, எத்தனை பேர் அப்போதுதான் இறங்கி வருகிறார்கள் என்று பாருங்கள். வேலையையும் வாழ்க்கையையும் சமமாகப் பேணுகிறோம் என்று விளம்பரத்தில் போட்டவர்களைச் சோதிக்க இதைவிட மலிவான வழி கிடையாது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதும் நேரம் மாற்றிக் கேட்பதும் இப்போது சட்டத்தில் இடம்பெற்றிருக்கின்றன. தொழிலாளி எழுத்து மூலமாக விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்து மூலமாகப் பதில் சொல்ல வேண்டும். மறுத்தால் காரணத்தையும் எழுத வேண்டும். இது கேட்கும் உரிமைதான், கிடைக்கும் உரிமை அல்ல. இருந்தாலும் வாய்வார்த்தையாகக் கேட்டு வாய்வார்த்தையாக மறுக்கப்படுவதைவிட எவ்வளவோ மேல். விண்ணப்பத்தில் "வசதியாக இருக்கும்" என்று எழுதாதீர்கள். எந்தெந்த நாள், எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, எந்த வேலையை வீட்டிலிருந்து செய்ய முடியும், அவசரத்துக்கு எப்படித் தொடர்புகொள்வது, மூன்று மாதம் சோதித்துப் பார்க்கலாமா என்று எழுதுங்கள். மேனேஜர் தன் மேலதிகாரியிடம் காட்டக்கூடிய தாளாக அது இருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்தியைத் தடுக்க வேலைச் சட்டத்தில் தனி விதி எதுவும் இல்லை. ஐடி ஆதரவு போன்ற வேலைகளில் அழைப்புக்குக் காத்திருக்கும் முறை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை வரும், அதற்கு அலவன்ஸ் உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்வதுதான் வழி.

லீவைப் பற்றி ஒரு விஷயம், குறிப்பாக நமக்கு. சட்டம் கட்டாயமாக்கும் ஆண்டு விடுமுறை முதல் இரண்டு ஆண்டுக்கு 8 நாள், ஐந்து ஆண்டுவரை 12, அதற்குமேல் 16. பொது விடுமுறை ஆண்டுக்குக் குறைந்தது 11 நாள். அந்தப் பதினொன்றில் ஐந்து கட்டாயம்: தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் அல்லது கூட்டரசுப் பிரதேச தினம், தொழிலாளர் தினம், மலேசிய தினம். தீபாவளியும் தைப்பூசமும் அந்த ஐந்தில் இல்லை. மீதி ஆறை முதலாளி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கலாம், ஒப்புதலோடு வேறு நாளுக்கு மாற்றவும் செய்யலாம். தீபாவளியைத் தராத கம்பெனி அபூர்வம். தைப்பூசம்தான் பார்க்க வேண்டியது. கோலாலம்பூரிலும் சிலாங்கூரிலும் பினாங்கிலும் அது பொது விடுமுறை என்றாலும், சம்பளப் பட்டியல் வேறு மாநிலத்தில் இருக்கும் தலைமையகத்தில் தயாராகும் கம்பெனிகளில் விடுபட்டுப்போகும். தவிர, முந்தின நாளே ரதம் புறப்பட்டுவிடும். பத்துமலைக்கோ தண்ணீர்மலைக்கோ காவடி எடுப்பவருக்கு ஒரு நாள் போதாது. எட்டு நாள் லீவில் தைப்பூசத்துக்கு இரண்டு, தீபாவளிக்கு முன்னும் பின்னும் இரண்டு போனால், உறவில் நடக்கும் கல்யாணங்களுக்கு மிஞ்சுவது நான்கு. 12 நாளோ 14 நாளோ தரும் கம்பெனியை நூறு வெள்ளி கூடுதலாகத் தருவதற்குச் சமமாக மதிக்கலாம் என்பது என் எண்ணம்.

எம்சி எனப்படும் மருத்துவ விடுப்பைப் பொறுத்தவரை ஆண்டுக்கு 14, 18, 22 நாள், அதே இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டுப் படிகளில். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் அதற்குத் தனியாக 60 நாள். உடம்புக்கு முடியவில்லை என்று 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி வையுங்கள். தொழிற்சாலைகளில் ஒரு பொறி உண்டு: வருகை அலவன்ஸ். ஒரு நாள் எம்சி எடுத்தாலும் அந்த மாதத் தொகை முழுவதும் போய்விடும். எம்சிக்குச் சம்பளம் வெட்டவில்லை என்று அவர்கள் சொல்வது உண்மைதான், ஆனாலும் காய்ச்சலோடு வேலைக்கு வரத்தான் அந்த ஏற்பாடு. பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகியிருக்கிறது. ஓராண்டு வேலை பார்த்த, மணமான ஆண்களுக்கு 7 நாள். "கல்யாணம் எப்போ?" என்று நேர்காணலில் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். "வேலையில் எனக்கு நீண்ட காலத் திட்டம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் பேச்சைப் பொறுப்புகளுக்குத் திருப்புங்கள். இரண்டாவது தடவையும் கேட்டால் அந்த இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிட்டது.

கற்றுக்கொள்ளும் ஆசை எந்த வரியில் இருக்கிறது? பெரும்பாலான ஆஃபர் லெட்டரில் எந்த வரியிலும் இல்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு பிடி இருக்கிறது. பத்து மலேசியர்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகள் மனிதவள மேம்பாட்டுக்கென்று எச்ஆர்டி கோர்ப்புக்கு மாதச் சம்பளத்தில் 1 விழுக்காடு லெவி கட்டுகின்றன. ஊழியரைப் பயிற்சிக்கு அனுப்பினால் அந்தப் பணத்திலிருந்து திரும்பக் கோரலாம். "போன வருடம் என் நிலையில் இருப்பவர்களை எந்தப் பயிற்சிக்கு அனுப்பினீர்கள்?" என்று கேளுங்கள். பயிற்சியின் பெயரைச் சொன்னால் நல்ல அறிகுறி. "நாங்கள் கற்றலை ஊக்குவிக்கிறோம்" என்று மட்டும் சொன்னால் லெவி சும்மா கிடக்கிறது என்று அர்த்தம். பயிற்சியோடு, இத்தனை மாதம் விலக மாட்டேன், விலகினால் பணம் கட்டுவேன் என்ற பாண்ட் வந்தால் மூன்றைப் பாருங்கள்: எத்தனை மாதம், எவ்வளவு தொகை, வேலை பார்த்த மாதங்களுக்கு ஏற்ப அது குறைந்துகொண்டே வருமா. 24 மாதப் பாண்டில் 23ஆவது மாதம் விலகினாலும் முழுத்தொகை என்றால் கையெழுத்திடும் முன்பே மாற்றச் சொல்லுங்கள்.

மனிதராக நடத்துவது என்பதற்கு வரியே கிடையாது, அதற்குக் கேள்விகள்தான் உண்டு. எச்ஆரை மட்டும் பார்த்துவிட்டு வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். நேரடியாக யாருக்குக் கீழே வேலை செய்யப்போகிறீர்களோ அவரைச் சந்திக்கக் கேளுங்கள். அவரிடம், "இந்த இடத்தில் முன்பு இருந்தவர் இப்போது எங்கே?" என்று கேளுங்கள். பதவி உயர்வில் போனார், வேறு பிரிவுக்கு மாறினார், புதிதாக உருவாக்கிய இடம் இது என்றால் சரி. இரண்டு ஆண்டில் மூன்று பேர் போயிருந்தால், போனவர்களை அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனியுங்கள். "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பொறுமை இல்ல" என்று தொடங்கினால் நாளைக்கு அந்தப் பட்டியலில் நான்காவது பெயர் உங்களுடையது.

மொழியைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசிவிடலாம். மண்டரின் தெரிய வேண்டும் என்ற விளம்பரத்தைப் பார்த்து நம் பிள்ளைகள் சோர்ந்துபோவது நியாயமே. வேலைச் சட்டத்தில் பாகுபாடு குறித்துத் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநர் விசாரிக்கலாம் என்ற பிரிவு 2023 முதல் இருக்கிறது. ஆனால் அது வேலையில் இருப்பவருக்கும் முதலாளிக்கும் இடையிலான தகராறுக்கானது, விண்ணப்பிப்பவரைத் தொடவில்லை. அது சட்டத்தின் ஓட்டை என்றே நான் நினைக்கிறேன். அது அடைபடும்வரை செய்யக்கூடியது, விளம்பரத்தைப் பிரித்துப் படிப்பது. சீனா, தைவான் வாடிக்கையாளரோடு பேசும் வேலை என்றால் தேவை உண்மையானது. "தெரிந்திருந்தால் நல்லது" என்றிருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள். நேர்காணலில் "கூட்டங்கள் எந்த மொழியில் நடக்கும், குழுவின் வாட்ஸ்அப் எந்த மொழியில் ஓடும்?" என்று கேளுங்கள். வேலை கிடைத்தும், பேச்சு புரியாமல் ஓரமாக உட்கார்ந்து ஒரு வருடம் போக்குவது வேலை கிடைக்காததைவிட மோசம். மறுபக்கம், கோலாலம்பூரில் தமிழ் தெரிந்தவர்களையே தேடும் வேலைகளும் வருகின்றன, காணொளிகளைச் சரிபார்ப்பது, வாடிக்கையாளர் சேவை போன்றவை. அங்கே பார்க்க வேண்டியது ஆஃபர் லெட்டரின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்பது. பிரபலமான கம்பெனியின் கட்டடத்தில் உட்கார்ந்து, ஒப்பந்தக் கம்பெனியின் பெயரில் ஓராண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்வது வேறு.

இன்னொரு வகை ஆஃபர் இருக்கிறது. "ஈபிஎஃப், சொக்சோ எதுவும் வெட்ட மாட்டோம், முழுப் பணமும் உனக்கே, நீ ஃப்ரீலான்ஸ்." காலை ஒன்பதுக்கு வர வேண்டும், அவர்கள் கணினியில் வேலை செய்ய வேண்டும், லீவு கேட்டு எடுக்க வேண்டும். இது ஃப்ரீலான்ஸ் இல்லை. எழுத்து மூல ஒப்பந்தம் இல்லாதபோது, வேலை நேரத்தையும் வேலை செய்யும் முறையையும் முதலாளி கட்டுப்படுத்தினால், கருவிகளை அவரே கொடுத்தால், அந்த ஆளைத் தொழிலாளியாகவே கருதும் விதி சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. உண்மையில் நேரம் தன் கையில் இருக்க வேண்டும் என்று டெலிவரி, இ-ஹெய்லிங் (செயலி வழி வாடகைக் கார்) வேலைக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்கான கிக் தொழிலாளர் சட்ட மசோதா 2025இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் அந்தச் சுதந்திரத்துக்கான செலவில் மோட்டார் பழுது, பெட்ரோல், ஈபிஎஃப்பில் முதலாளி போட்டிருக்கக்கூடிய 13 விழுக்காடு எல்லாம் அடங்கும். கணக்கில் அவற்றையும் கழித்துவிட்டுத்தான் சம்பளத்தோடு ஒப்பிட வேண்டும்.

சேர்ந்த பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. சம்பளம் மாதம் முடிந்து ஏழாம் தேதிக்குள் வர வேண்டும். ஈபிஎஃப் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். ஈபிஎஃப்பின் ஐ-அக்கவுன் செயலியைத் திறந்து பாருங்கள். பே ஸ்லிப்பில் 330 வெட்டப்பட்டு, அங்கே ஒன்றும் ஏறாமல் இருந்தால் உடனே எழுத்தில் கேளுங்கள். சிறிய கம்பெனிகளில் பணநெருக்கடி வரும்போது முதலில் நிற்பது இதுதான், சம்பளம் தாமதமாவதற்குச் சில மாதம் முன்பே இங்கே தெரிந்துவிடும். புரோபேஷன் காலத்தில் எம்சி கிடையாது, பொது விடுமுறை கிடையாது என்று சொல்வதை நம்பாதீர்கள். வேலைச் சட்டம் புரோபேஷனில் இருப்பவரைத் தனியாகப் பிரிக்கவில்லை.

நோட்டீஸ் இரண்டு தரப்புக்கும் ஒரே அளவு இருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் நான்கு வாரம், ஐந்து ஆண்டுக்குள் ஆறு, அதற்குமேல் எட்டு. புதிதாக வேலைக்கு வருபவருக்கு மூன்று மாத நோட்டீஸ் போட்டிருந்தால் ஒரு மாதமாகக் குறைக்கக் கேளுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கம்பெனி உங்களுக்காகக் காத்திருக்காது. முன்கூட்டியே போக வேண்டுமானால் மீதி நாளுக்கான சம்பளத்தைக் கட்டிவிட்டுப் போகலாம்.

இதெல்லாம் நீங்களாக விலகும்போது. கம்பெனி உங்களை விலகச் சொல்லும்போது நிலைமை வேறு. ஆள்குறைப்புச் சமயத்தில் அறைக்குள் கூப்பிட்டு, "நீயே ராஜினாமா எழுதிக் கொடுத்துடு, உன் ரெக்கார்டுக்கு நல்லது" என்பார்கள். நட்பாகத்தான் சொல்வார்கள், தண்ணீரும் கொடுப்பார்கள். அங்கே கையெழுத்துப் போடாதீர்கள். தாமாக விலகியவருக்கு இஐஎஸ் கிடையாது. வேலை நீக்கப்பட்டவருக்கு வேலை தேடும் உதவித்தொகையாக முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, பிறகு 40, 30 என்று, கட்டிய சந்தாவைப் பொறுத்து ஆறு மாதம்வரை கிடைக்கும். 4,000 வெள்ளிக்குள் சம்பளம் வாங்கி ஓராண்டாவது வேலை பார்த்தவருக்கு ஆள்குறைப்பு இழப்பீடும் உண்டு: இரண்டு ஆண்டுக்குள் ஆண்டுக்கு 10 நாள் சம்பளம், ஐந்து ஆண்டுக்குள் 15 நாள், அதற்குமேல் 20 நாள். ராஜினாமாக் கடிதம் இவை எல்லாவற்றையும் ஒரே தாளில் துடைத்துவிடும். "யோசித்துச் சொல்கிறேன், முடிவை எழுத்தில் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். நடந்ததை அன்றே தேதியோடு எச்ஆருக்கு மின்னஞ்சலாக அனுப்பி, ஒரு பிரதியைச் சொந்த முகவரிக்கும் அனுப்பிவிடுங்கள். ஆபீஸ் மின்னஞ்சல் மறுநாள் திறக்காமல் போகலாம். நீக்கம் நியாயமில்லை என்று தோன்றினால் தொழில் உறவுத் துறையில் புகார் செய்ய 60 நாள் அவகாசம். இஐஎஸ்ஸுக்கு சொக்சோவில் விண்ணப்பிக்கவும் அதே 60 நாள்தான்.